சிவப்பு அட்டைக்காரி

உக்காருங்க தம்பி, உக்காருங்க. யாரும் வரமாட்டாங்க. இது எம் பொஞ்சாதிக்கு எடுத்த சீட்டு. அவ வரல. அங்க பின்னால ஏர்கோன் தண்ணி சொட்டுதுல்ல, பாத்தேன், உங்க சட்டை நனைஞ்சிருச்சு. இங்கயே உக்காருங்க. கோலாலம்பூர் வரைக்கும் அஞ்சு மணி நேரம் பஸ்ஸு ஓடும்.

பேச்சைக் கேட்டா இந்த ஊரு இல்லபோல இருக்கே. இந்தியாவா? எந்தப் பக்கம்? திருச்சியா! அப்ப முசிறி தெரியும் உங்களுக்கு. முசிறிக்குப் பக்கத்துல ஏதோ ஒரு கிராமம், பேரு மறந்துபோச்சு, எம் மாமனார் மாமியார் அங்கதான் போய்ச் சேந்தாங்க. நான் பாத்ததில்ல. எம் பொஞ்சாதியும் பாத்ததில்ல.

அவ பேரு பூரணம். எம் பேரு ராஜமாணிக்கம். நாளைக்குக் காலையில அவளுக்கு சத்தியப்பிரமாணம் தம்பி. குடியுரிமை. இந்த நாட்டுப் பிரஜைன்னு கையத் தூக்கிச் சொல்லணும், சொன்னா நீல ஐ.சி. குடுப்பாங்க. அறுபத்தாறு வயசுல கூப்பிட்டிருக்காங்க. கடுதாசி இதோ பைல இருக்கு. ஆளு மட்டும் வீட்டுல இருக்கா.

பிடிவாதம் தம்பி. அவ பிடிவாதத்த நான் என்னான்னு சொல்ல?

உங்களுக்கு ஐ.சி.ன்னா என்னான்னு தெரியாது. நாங்க எல்லாரும் பைல வச்சிருக்கிற அடையாள அட்டை. நீலம் இருந்தா இந்த நாட்டுக்காரன். சிவப்பு இருந்தா இங்க தங்கிக்கலாம், ஆனா இந்த நாட்டுக்காரன் இல்ல. ஓட்டு கிடையாது, பாஸ்போர்ட் கிடையாது. எனக்கு நீலம். எம் மகளுக்கு நீலம். பூரணத்துக்குச் சிவப்பு. அவளும் இங்கதான் பொறந்தா, வடக்க கெடாவுல, நான் பொறந்த அதே ரப்பர் தோட்டத்துல, எங்க லயத்து வீட்டு வரிசைக்கு ரெண்டு வரிசை தள்ளி. ஆனா மெர்டேக்காவுக்கு, அதான் சுதந்திரத்துக்கு, நாலு வருஷம் முன்னாடி பொறந்துட்டா; அப்புறம் பொறந்தவங்களுக்குத்தான் தானா கிடைக்கும். சுதந்திரம் வந்தப்ப எங்கப்பா பட்டணத்துக்குப் போயி வரிசையில நின்னு எங்களையெல்லாம் பதிஞ்சுட்டாரு. அவ அப்பா மருதமுத்து அன்னிக்குக் காய்ச்சல்ல படுத்திருந்தாரு. அப்புறம் போலாம், அப்புறம் போலாம்னு இருந்துட்டாரு. அவ்வளவுதான் வித்தியாசம். ஒரு காய்ச்சல்.

நான் அப்படி இல்ல. நான் நாட்டுப்பற்று உள்ளவன். பெருமைக்குச் சொல்லல. தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில முப்பத்தியொரு வருஷம் வேலை பாத்தேன். புல்லு வெட்டுறது, கதவு பூட்டுறது, மணி அடிக்கிறது. எல்லாத்துக்கும் மேல கொடி. திங்கக்கெழமை சபைக்கூடல்ல நாந்தான் கொடி ஏத்துவேன். ஒரு நாள்கூட தலகீழாப் போட்டதில்ல, பாட்டு முடியிறதுக்குள்ள உச்சிக்குப் போகாம இருந்ததில்ல. அப்புறம் புள்ளைங்க வலது கையத் தூக்கி உறுதிமொழி சொல்லும். ருக்குன் நெகாரா. அஞ்சு வரி. கடவுள் நம்பிக்கை, ராஜாவுக்கும் நாட்டுக்கும் விசுவாசம், இப்படி அஞ்சு. புள்ளைங்களோட சேந்து நானும் சொல்லுவேன். வாத்தியாருங்களே சில பேரு வாய மூடிக்கிட்டு நிப்பாங்க. நான் சொல்லுவேன்.

பூரணம் அந்தப் பள்ளிக்கூடத்துக் கேண்டீன்லதான் இருபது வருஷம் தட்டு கழுவினா. திங்கக்கெழமை திங்கக்கெழமை அந்த அஞ்சு வரியும் அவ காதுல விழுந்துகிட்டேதான் இருக்கும். ஆனா பாருங்க, பன்னெண்டு வருஷத்துக்கு முன்னாடி முத தடவை நேர்முகத்துக்குக் கூப்பிட்டப்ப, ஒரு வரி சொல்லத் தெரியல.

நான் உக்காத்தி வச்சு மூணு மாசம் சொல்லிக் குடுத்தேன். தெனம் சாயங்காலம். பாசார்ல மீன் வாங்கப் போனா அந்த மலாய்க்காரன்கிட்ட சரளமாப் பேசுவா, பேரம் பேசி அவனை அழ வச்சிருவா. ஆனா இது ஏட்டு மலாய் தம்பி, வாயில நிக்காது. நாலாவது வரி, சட்டத்துக்குக் கட்டுப்படணும்னு வரும். "கெடௌலாத்தான் உண்டாங் உண்டாங்." இவ என்னா சொல்லுவா தெரியுமா? "கடலைத்தான் உண்டா உண்டா?" நான் கோவிச்சுக்குவேன். அவ சிரிப்பா. சிரிச்சுச் சிரிச்சுக் கண்ணுல தண்ணி வந்துரும். "ஏங்க, ராஜாகிட்ட போயி கடலை இருக்கான்னு கேக்கச் சொல்றீங்களே"ம்பா. விளையாட்டா இருந்துச்சு அவளுக்கு.

கடைசியில கத்துக்கிட்டா. அதையும் சொல்லணும். நேர்முகத்தன்னிக்கு நான் அவ பின்னால நாற்காலியில உக்காந்திருக்கேன். எதிர்ல ஒரு மலாய்ப் பொண்ணு, எம் மக வயசுதான் இருக்கும், நல்ல முகம். "மக்சிக், மக்சிக்"னு மரியாதையாக் கூப்பிடுது. அத்தைன்னு கூப்பிடுற மாதிரி. எத்தனை புள்ளைங்க, என்னா சமைப்பீங்க, எல்லாத்துக்கும் பதில் சொல்லிட்டா. அப்புறம் ருக்குன் நெகாரா சொல்லுங்கன்னுச்சு. பூரணம் முந்தானைய இழுத்து விட்டுக்கிட்டு, கையத் தூக்கி, அஞ்சு வரியும் ஒரு பிசிறு இல்லாம சொன்னா தம்பி. கடலை வரல. எனக்கு உடம்பெல்லாம் சிலுத்துப்போச்சு.

அந்தப் பொண்ணு கைதட்டுச்சு. தட்டிட்டுச் சும்மா இருந்திருக்கலாம். "மக்சிக், ராஜாவுக்கும் நாட்டுக்கும் விசுவாசம்னு சொன்னீங்கள்ல, உங்க நாடு எது?"ன்னு கேட்டுச்சு.

மலேசியா. ஒரு வார்த்தை. நாலு எழுத்து. தொடப்பக்கட்டைக்குக்கூட சொல்லத் தெரியும்.

இவ என்னைத் திரும்பிப் பாத்தா. அப்புறம் அந்தப் பொண்ணப் பாத்து சொல்றா, அவ பாசார் மலாய்லயே: "எனக்குத் தெரியாதும்மா. இந்தியாவுல என்னை யாருக்கும் தெரியாது. இங்கயும் என்னைச் சேக்கல. அதைக் கேக்கத்தான் வந்தேன். நீயே பாத்துச் சொல்லு, அதையே நானும் சொல்றேன்."

அந்தப் பொண்ணு பேனாவக் கீழ வச்சிருச்சு. ஒண்ணும் எழுதல. எனக்கு இடிஞ்சு விழுந்த மாதிரி ஆயிருச்சு.

ரெண்டு வருஷம் கழிச்சு பதில் வந்துச்சு. விண்ணப்பம் ஏத்துக்கல. அவ்வளவுதான் ஒரு வரி. ஏன் எதுக்குன்னு இல்ல. எனக்கு வேற காரணம் வேணுமா? அன்னிக்கு அவ வாய்தான் காரணம்னு சொன்னேன். அவகிட்ட சொன்னேன், மககிட்ட சொன்னேன், கோயில்ல சொன்னேன், கடையில சொன்னேன். ஒரு வார்த்தையில கெடுத்துட்டாளேன்னு வருஷக்கணக்கா சொன்னேன். அவ ஒரு தடவைகூட எதுத்துப் பேசல. "ஆமா, எனக்குத்தான் சொல்லத் தெரியல"ன்னுட்டுப் போயிருவா.

தண்ணி குடிக்கிறீங்களா? இருங்க. இதுல சோறு இருக்கு, நெத்திலி சம்பல் வச்சிருக்கா. வரமாட்டேன்னுட்டா, ஆனா காலையில அஞ்சு மணிக்கு எந்திரிச்சு சோறு கட்டியிருக்கா. நான் டிக்கெட்டு ரெண்டு வாங்கி வச்சிருக்கேன், கடைசி நேரத்துல மனசு மாறும்னு. மேசைமேல பாக்குறேன், ஒரே ஒரு பொட்டலம். அப்பத்தான் எனக்குப் புரிஞ்சுது.

ஆங்? கேளுங்க. கேட்டா என்னா? அவ்வளவு வருஷமா ஏன் வாங்கலன்னுதானே? எல்லாரும் கேக்குறதுதான். இந்த நாட்டுக்காரனைக் கட்டினவளுக்கு வழி உண்டு, எழுதிப் போட்டா காலாகாலத்துல கிடைச்சிருக்கும். போடல. வேலை, புள்ளை, மறந்துபோச்சு. அந்தக் காலத்துல யாரு இதையெல்லாம் பெருசா நெனைச்சோம்?

அவ அப்பா அம்மா போனது எழுபதுல. அதுக்கு முந்தின வருஷம் கோலாலம்பூர்ல கலவரம். அதுக்கப்புறம் சிவப்பு ஐ.சி. வச்சிருக்கிறவங்க வேலை செய்யிறதுக்குத் தனியா பெர்மிட் வேணும்னு வந்துருச்சு. தோட்டம் தோட்டமா சனங்க மூட்டை கட்டினாங்க. மருதமுத்துவும் கட்டினாரு. இங்க வேலை இல்லன்னா எதைத் தின்னுறது? பூரணத்துக்குப் பதினேழு வயசு. எனக்கு இருபத்தொண்ணு. நாங்க ஏற்கனவே ஒருத்தரை ஒருத்தர் பாத்துக்கிட்டு இருந்தோம்னு வைங்க. கப்பலுக்கு ரெண்டு வாரம் இருக்கறப்ப மாரியம்மன் கோயில்ல வச்சு அவசரமாத் தாலி கட்டினேன்.

பினாங்குல கப்பலேத்தப் போனோம். அவங்கம்மா இவளக் கட்டிப் புடிச்சுக்கிட்டு விடல. மருதமுத்து என்னைத் தனியாக் கூப்பிட்டு மடியிலேருந்து ஒரு காயிதத்த எடுத்துக் குடுத்தாரு. அவ பொறந்த பத்திரம். கீழ அவரு பெருவிரல் ரேகை. "மாப்ள, இதை வச்சு எம் மவளுக்கு நீலக் கார்டு வாங்கிக் குடுத்துருங்க. வருஷத்துக்கு ஒருக்கா இல்லாட்டியும் ரெண்டு மூணு வருஷத்துக்கு ஒருக்கா வந்து அவ ஆத்தாள பாத்துட்டுப் போவட்டும்"னாரு. நான் அவரு கையில அடிச்சு சத்தியம் பண்ணினேன். வாங்கிக் குடுக்குறேன்னு.

மறந்துபோச்சுன்னு சொன்னேன்ல இப்ப?

மறக்கல தம்பி.

உங்ககிட்ட சொல்றதுல என்னா இருக்கு, நீங்க எறங்கிப் போயிருவீங்க. எனக்கு ஒரு நாளும் மறக்கல. அந்தக் கப்பல் போனப்புறம் அவ அழுத அழுகைய நீங்க பாக்கல. ஆறு மாசம். ராத்திரி தூக்கத்துல "ம்மா"ம்பா. கடுதாசி வந்தா அன்னிக்கு அடுப்பு எரியாது. எனக்கு யாரு இருந்தா? எங்கம்மா நான் சின்னப்புள்ளையா இருக்கும்போதே போய்ட்டாங்க, எங்கப்பா குடிச்சே போய்ட்டாரு. இவ ஒருத்திதான். நீல ஐ.சி. வாங்கினா பாஸ்போர்ட் வாங்கலாம். பாஸ்போர்ட் வாங்கினா கப்பல் ஏறலாம். கப்பல் ஏறினா? அங்க ஆத்தா இருக்கா, கூடப் பொறந்த தம்பி இருக்கான், சொந்தம் இருக்கு. இங்க என்னா இருக்கு? பால்மரமும் நானும். திரும்பி வருவாளா? நீங்க சொல்லுங்க, நீங்களா இருந்தா வருவீங்களா?

கொஞ்ச நாள் போகட்டும்னு நெனைச்சேன். ஒரு புள்ளை பொறக்கட்டும், அப்புறம் வாங்கலாம்னு. புள்ளை பொறந்துச்சு, புஷ்பலதா. அப்ப வேற பயம். புள்ளையையும் தூக்கிக்கிட்டுப் போயிட்டா?

அவ கேட்டா. கேக்காம இருப்பாளா? "எழுதிப் போட்டீங்களா"ம்பா. "போட்டாச்சு, வரும்"பேன். அடுத்த வருஷம் கேப்பா. "நானும் பட்டணத்துக்குப் போயி விசாரிச்சேன், நெறைய பேரு இருக்காங்களாம், நேரமாகும்"பேன். போட்டாத்தானே வர்றதுக்கு? பத்திரம் வீட்டுல இருந்தா அவ கண்ணுல படும்னு பள்ளிக்கூடத்து ஸ்டோருக்குக் கொண்டு போயிட்டேன். அங்க ஒரு பழைய மரப்பெட்டி. கொடியெல்லாம் அதுலதான் மடிச்சு வைப்பேன். அதுக்கடியில வச்சேன். சாவி எங்கிட்டதான். வாரா வாரம் கொடிய எடுக்கும்போது தடவிப் பாப்பேன், இருக்கான்னு. இருக்கும். கொடிய எடுத்துக்கிட்டுப் போயி ஏத்துவேன்.

எழுபத்தெட்டுல அவ அப்பா தவறிட்டாரு. தந்தி வந்துச்சு. பின்னாலயே ஒரு கடுதாசி, அவங்கம்மா யாரையோ வச்சு எழுதியிருந்தாங்க, "ஒருக்கா வந்து முகத்தக் காட்டிட்டுப் போ புள்ள, எனக்குக் கண்ணு மங்கிக்கிட்டு வருது"ன்னு. பூரணம் அந்தக் கடுதாசிய எங்கிட்ட குடுத்துட்டு அப்படியே நிக்கிறா. நான் என்னா செஞ்சேன்? "என்னா பண்றது, கவர்மெண்டு குடுத்தாத்தானே"ன்னேன். அவளும் "ஆமா, நீங்க என்னா பண்ணுவீங்க"ன்னா. எனக்காக அவ பாவப்பட்டா தம்பி.

பத்து வருஷம் கழிச்சு அம்மாவும் போயிட்டாங்க. தம்பிக்காரன் அதுக்கு முன்னாடியே லாரியில அடிபட்டுப் போயிட்டான். அம்மா போன தந்திய நாந்தான் படிச்சுச் சொன்னேன். அவ அழல. துணி தொவைக்கப் போயிட்டா.

உங்ககிட்ட மறைக்க மாட்டேன். அன்னிக்கு எனக்குத் துக்கந்தான். ஆனா உள்ளுக்குள்ள எங்கயோ ஒரு கட்டு அவுந்த மாதிரி இருந்துச்சு. இனிமே பயமில்ல, அங்க யாருமில்ல, இனிமே வாங்கிக் குடுத்துரலாம். மறுநாளே ஸ்டோருக்குப் போனேன். பெட்டியத் திறந்தேன். கொடிகள எடுத்து வச்சேன். கைய விட்டா மண்ணு. கரையான். போன வாரம்கூட தடவிப் பாத்தேன், மேல மேல காயிதம் மாதிரிதான் இருந்துச்சு, உள்ள எல்லாம் மண்ணாப் போயிருக்கு. எடுக்க எடுக்க உதுந்துச்சு. ரேகை இருந்த எடம் எதுன்னுகூடத் தெரியல. கொடிகளை ஒண்ணும் செய்யல கரையான். அது என்னா கணக்கோ.

அந்த மண்ண அள்ளி வெளிய கொட்டினேன். யாருகிட்டயும் சொல்லல. பத்திரம் இல்லாம எதை வச்சு எழுதிப் போடுறது? அப்படியே விட்டுட்டேன். அப்புறம் மக பெரியவளாகி, படிச்சு, ஜொகூர்ல நர்ஸ் வேலைக்குப் போயி, அவதான் "அம்மாவுக்கு ஏன் இன்னும் சிவப்பு"ன்னு கெளப்பினா. பத்திரம் எங்கன்னு கேட்டாங்க. தொலைஞ்சுபோச்சுன்னா எப்படித் தொலைஞ்சுதுன்னு சத்தியம் பண்ணி எழுதிக் குடுக்கணும், சத்தியக் காயிதம் வாங்குற கமிஷனர் முன்னால. நான் எழுதினேன். எழுபத்தொண்ணுல பெரிய வெள்ளம் வந்துச்சு, கோலாலம்பூரே முழுகிச்சு. அந்த வெள்ளத்துல போயிருச்சுன்னு எழுதிட்டேன். மலாய்ல எழுதினது. பூரணத்துக்குப் படிக்கத் தெரியாது. கையெழுத்து அவதான் போட்டா, தமிழ்ல. சத்தியம் அவ பேருல.

முத தடவை நிராகரிச்சது எதுக்குன்னு பின்னால ஒரு குமாஸ்தாகிட்ட மக விசாரிச்சா. "பத்திரம் இல்லாதது சிரமம்"னாராம். அந்தப் பொண்ணு நேர்முகத்துல நல்லபடியாத்தான் எழுதியிருந்துச்சாம். இவ சொன்ன பதிலுக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்லையாம். மக எங்கிட்ட வந்து சொன்னப்ப நான் "குமாஸ்தாவுக்கு என்னா தெரியும்"னுட்டேன். எனக்கு அப்படித்தான் சொல்ல வந்துச்சு.

சரி, மக விடல. நாலு வருஷத்துக்கு முன்னாடி திரும்பவும் போட்டா. தோட்டத்துல மிச்சமிருக்கிற கெழடு ரெண்டு பேரைத் தேடிப் புடிச்சு சாட்சி வாங்கினா. வயசானவங்களுக்கு இப்பக் கொஞ்சம் இரக்கம் காட்டுறாங்க. போன மாசம் கடுதாசி வந்துருச்சு. அனுமதிச்சாச்சு, வந்து சத்தியப்பிரமாணம் எடுத்துக்கன்னு.

எனக்குத் தலகால் புரியல. சேலை எடுத்துக் குடுத்தேன். பக்கத்து வீட்டுக்கெல்லாம் கேசரி. சொல்ல வேண்டிய வாக்கியத்தை மக அனுப்பியிருந்தா. தெனம் சாயங்காலம் பழையபடி உக்காந்தோம். இந்தத் தடவை அவ சிரிக்கல, ஒழுங்காக் கத்துக்கிட்டா. மக லீவு போட்டுட்டு வந்தா. ஞாயித்துக்கெழமை ஃபைல அடுக்கிக்கிட்டு, "அம்மா, நீ என்னென்னல்லாம் எழுதிக் குடுத்திருக்கேன்னு உனக்குத் தெரியணும், கேட்டாங்கன்னா முழிக்காத"ன்னு ஒவ்வொண்ணாத் தமிழ்ல படிச்சுச் சொல்றா. நான் பக்கத்துல காப்பி குடிச்சுக்கிட்டு இருக்கேன்.

"என்னுடைய பிறப்புப் பத்திரம் ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபத்தொண்ணுல வந்த வெள்ளத்துல..."

பூரணம் தலயத் தூக்கி, "எந்த வெள்ளம்?"னா.

மக என்னைப் பாத்தா. பூரணமும் என்னைப் பாத்தா.

"நம்ம லயம் மேட்டுல இருந்துச்சு. நம்ம வீட்டுக்குள்ள எப்பத் தண்ணி வந்துச்சு?"

ஏதாச்சும் சொல்லியிருக்கலாம். பொய் சொல்லி எனக்குப் பழக்கந்தானே. ஆனா அன்னிக்கு வாயில வரல. மகள வெளிய போகச் சொன்னேன். போகல. அவ முன்னாலயே எல்லாத்தையும் சொன்னேன். பெட்டி, கொடி, கரையான், போட்டாச்சு வரும்னது, பயம், எல்லாம். மக அழுதா. எந்திரிச்சு வாசல்ல போயி நின்னுக்கிட்டா. இன்னி வரைக்கும் எங்கிட்ட பேசல. மறுநாளே ஜொகூர் போயிட்டா.

பூரணம் அழல. அந்த ஃபைல மூடி ஓரமா வச்சா. அப்புறம் சொன்னா: "நான் வந்திருப்பேங்க."

"என்னா?"ன்னேன்.

"எங்கம்மாவப் பாத்துட்டு ஒரு மாசத்துல திரும்பி வந்திருப்பேன். அதுகூடவா உங்களுக்குத் தெரியாது?"

தெரியாது தம்பி. நாப்பத்தொம்பது வருஷம் கூட இருந்திருக்கேன். எனக்குத் தெரியல.

அதுக்கப்புறம் அந்த வாக்கியத்தைச் சொல்லிப் பாக்கலாம் வான்னேன். வரல. "நான் போகலங்க"ன்னா. "அந்தக் காயிதத்துல பொய் எழுதியிருக்கு, அதுக்குக் கீழ எங் கையெழுத்து இருக்கு. இது ஒண்ணு போதும்"னா. நான் கெஞ்சினேன். கவர்மெண்டு குடுக்குறப்ப வேண்டாங்கலாமா? ஒரு கையத் தூக்கி அஞ்சு நிமிஷம், சொல்லி முடிச்சா நீயும் நானும் ஒரே நாட்டுக்காரங்க. நாளைக்கே பாஸ்போர்ட் எடுப்போம், முசிறிக்கு நானே கூட்டிக்கிட்டுப் போறேன்னேன்.

"அங்க யாரு இருக்கா?"ன்னு கேட்டா.

"சரி, எனக்காக வாங்கிக்க"ன்னேன். அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது. எனக்கு வேற சொல்லத் தெரியல.

"உங்களுக்காகத்தானே இத்தன வருஷம் அது இல்லாம இருந்தேன்"னா. கோவமாக்கூட இல்ல. மணி என்னான்னு கேட்டா சொல்ற மாதிரி சொன்னா.

வெளிய பாருங்க. ஆகஸ்ட் மாசம்ல, மெர்டேக்கா நாள் வருது, பாலத்துக்குப் பாலம் கொடி கட்டியிருக்காங்க. அந்தா அது ரெண்டாவது, கயிறு அவுந்து தொங்குது. யாரும் பாக்க மாட்டாங்க. நான் இருந்தா விடமாட்டேன்.

இப்ப என்னாத்துக்குப் போறேன்னு உங்களுக்குத் தோணும். இலாகாவுக்குப் போன் போட்டுக் கேட்டேன், அவளுக்குப் பதிலா புருசன் நான் சத்தியம் எடுத்துக்கலாமான்னு. போன்ல இருந்த பொண்ணு சிரிச்சிருச்சு. சிரிச்சிட்டு மன்னிப்புக் கேட்டுச்சு. "மக்சிக்குக்கு ஒடம்பு முடியலையா? டாக்டர் கடுதாசி குடுத்தா வேற தேதி போட்டுத் தர்றோம்"னுச்சு. நல்ல பொண்ணு. ஆமா, ஒடம்பு முடியலன்னு சொல்லியிருந்தா முடிஞ்சிருக்கும். இன்னொரு பொய்யி. தேதி தள்ளிப்போடலாம். அதுக்குள்ள அவ மனசு மாறுமா? அறுபத்தாறு வயசாச்சு தம்பி அவளுக்கு. பதில் சொல்லாம போன வச்சுட்டேன்.

வீட்டுல இருக்க முடியல. அதான் உண்மை. திட்டினா இருந்துருவேன். கைய ஓங்கினாக்கூட இருந்துருவேன். அவ பாட்டுக்குக் கீரை ஆயுறா, கோழிக்குத் தீனி வைக்கிறா, "காப்பி ஆறுது, குடிங்க"ங்கிறா. நாளைக்குக் காலையில ஒம்பது மணிக்கு, அந்த நேரத்துல, அவ முன்னால உக்காந்திருக்க என்னால ஆகாது.

அதனால போறேன். எட்டு மணிக்குக் கதவு திறப்பாங்க. போயி கடைசி வரிசையில உக்காந்துக்குவேன். ஒவ்வொருத்தரா பேரைக் கூப்பிடுவாங்க. அவ பேரும் வரும். பூரணம், மருதமுத்துவோட மகள்னு அப்பா பேரையும் சேத்துத்தான் இங்க கூப்பிடுவாங்க. மைக்ல, எல்லாருக்கும் கேக்குற மாதிரி. ஒரு தடவை கூப்பிடுவாங்க. யாரும் எந்திரிக்கலன்னா இன்னொரு தடவை கூப்பிடுவாங்க. அப்புறம் அடுத்த பேருக்குப் போயிருவாங்க.

அந்தப் பேரைக் கூப்பிடும்போது கேக்குறதுக்கு ஒரு ஆளு இருக்கணும்ல. கேட்டுட்டு வந்துருவேன்.